பூசாமல் விட்ட ஜன்னல் ஓரம்

எங்கள் வீட்டுக்கு முகம் மட்டும்தான் பூசியிருந்தது. ரோட்டைப் பார்த்த சுவருக்குச் சீமெந்துப் பூச்சு, அதன் மேல் பச்சை பெயின்ட், வாசல் நிலைக்கு வார்னிஷ். பக்கங்களிலும் பின்னாலும் வெறும் சீமெந்துக் கல். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கழுத்தை மறந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவளைப் போல வீடு நின்றது. தெமோதரையில் இருந்து எல்லவுக்குப் போகும் பாதைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே வெட்டிய எங்கள் தனிவீட்டு வரிசையில் எல்லா வீடும் அப்படித்தான்.

தோட்டம் ஒட்டி ஒட்டிக் கட்டிக் கொடுத்த லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெளிச்சுவர் என்பது அடுத்தவன் சொத்து. காம்பரா என்ற அந்த ஒற்றை அறைக்குள்ளே நாம் நீலம் அடிக்கலாம், ரோஸ் அடிக்கலாம், சாமிப் படத்தைச் சுற்றிக் கலர் பல்ப் போடலாம். வெளியே தோட்டம் அடிக்கிற வெள்ளைதான். அது உரிந்தால் தோட்டத்தின் பாடு, அதை நடத்தும் தொரையின் பாடு. சொந்த வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆன பிறகும் அந்தப் புத்தி எங்களை விட்டுப் போகவில்லை. உள்ளே டைல்ஸ் பதித்தவர்கள்கூட வெளியே கல்லைக் கல்லாகவே விட்டிருந்தார்கள். கேட்டால், "வெளிய யாரு பாக்கப் போறா?" என்பார்கள். மழை பார்க்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கும். சொன்னால், நேர்சரி டீச்சர் பெரியவர்களுக்கும் பாடம் எடுக்கிறாள் என்று சிரிப்பார்கள்.

மழை நன்றாகவே பார்த்தது. பின்பக்க அறையில் என் கணவரின் அம்மாவும் எங்கள் மகளும் படுப்பார்கள். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஜன்னலுக்குக் கீழே அகலமான ஒரு கட்டில், இரண்டு பேருக்கும் அதுதான். அந்தச் சுவர் மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துக் கொட்டும். மகளின் வெள்ளைச் சீருடையில் கறுப்புப் புள்ளி விழும். தலையணையைத் தொட்டால் ஈரம். போன வருஷம் பெய்த பெருமழைக்குப் பிறகு அந்த அறைக்குள் நுழைந்தாலே பழைய சாக்கு வாசம்.

அந்த மழையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தோட்டத்தின் அடுத்த டிவிசனில் மலை சரிந்து பாதையில் கிடந்தது. பல குடும்பங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்திருந்தன. எங்கள் வரிசைக்கும் அதிகாரிகள் வந்து வீட்டுக்கு வீடு சுற்றிப் பார்த்தார்கள். எங்கள் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. "வெடிப்பு இருக்கிறது பெரிசில்ல. அது வளருதான்னு பாருங்க. வளந்தா வீட்டுல இருக்காதீங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை. அன்றைக்கு அவர்கள் சொன்ன அந்த வார்த்தை எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பின்னால் இருக்கும் சரிவைப் பார்க்காமல் நான் பல் துலக்கியதில்லை. என் கணவர் எனக்கு வானிலை அறிக்கை என்று பெயர் வைத்தார்.

இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் மீதிச் சுவர்களைப் பூசிவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் இப்போது மேசன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கையில் கரண்டி பிடிக்கத் தெரிந்த எல்லோரும் எல்லவில் ஹோட்டல் கட்டப் போய்விட்டார்கள். என் கணவர் எல்லவில்தான் ஓட்டோ ஓட்டுகிறார், வெள்ளைக்காரர்களைப் பழைய ரயில் பாலம் பார்க்கக் கூட்டிப்போவார். அந்தப் பழக்கத்தில் ஒரு பாஸைப் பிடித்தார். எங்கள் ஊரில் மேசனோ தச்சனோ, தொழில் தெரிந்தவர் எல்லோரும் பாஸ்தான். இந்தப் பாஸ் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "நாளைக்கு வாறேன்" என்பதை அவர் வணக்கம் சொல்வதைப் போலச் சொல்லுவார். நாங்களும் பதிலுக்கு வணக்கம் சொல்வதைப் போலத் தலையாட்டிப் பழகிவிட்டோம்.

ஒருநாள் நிஜமாகவே வந்தார். வந்ததும் வீட்டைச் சுற்றி நடந்து, "எல்லவுல நான் கட்டுற ஹோட்டல் பாத்ரூமே இதவிடப் பெரிசு" என்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், போனில் பாட்டுப் போட்டார், மணல் அரிக்கத் தொடங்கினார். வாய் எப்படியோ, கை சுத்தம். பூச்சு வேலைக்குப் பாஸ்மார் கபராரு என்பார்கள், சிங்களத்தில் இருந்து வந்த சொல். முதலில் சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீர் அடித்து, தண்ணியான சீமெந்தைத் தெளித்து, அது பிடித்த பிறகுதான் கலவையை எறிவார். கலவை சப் என்று சுவரில் ஒட்டும் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பக்கச் சுவர்கள் இரண்டையும் முடித்துவிட்டுப் பாஸ் பின்பக்கம் போனார். ஜன்னலின் ஓரங்கள்தான் சிரமமான வேலை என்று சொன்னார். மரச் சட்டத்துக்கும் சுவரின் வெளிமுகத்துக்கும் நடுவே, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நாலு பக்கமும் உள்வாங்கி இருக்குமே, அதை. மூலை சரியாக வராவிட்டால் ஜன்னல் கோணல் வாயாகத் தெரியும். அதனால் அங்கேதான் முதலில் தேய்க்க ஆரம்பித்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோன நேரம், தூரிகை பட்ட இடத்தில் கல் உதிர்வதைப் பார்த்தேன். கல் ஏன் இப்படி மாவாக உதிர்கிறது என்று குனிந்தேன். அது கல் இல்லை, களிமண். சாம்பல் கலந்து, கல்லின் நிறத்துக்கே கொண்டுவந்து, யாரோ அழகாக மெழுகி வைத்திருந்தார்கள்.

மண் முழுதும் விழுந்த பிறகு வெடிப்பு தெரிந்தது. ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கி, ஓரத்தைக் குறுக்கே வெட்டி, கல்லும் கல்லும் சேரும் இடமாகப் பார்த்துப் படி படியாகக் கீழே இறங்கியிருந்தது. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.

"யாரு இதுல மண்ணு வச்சது?" என்றார் பாஸ்.

அத்தை கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நாந்தேன். மூஞ்சூறு வருதுன்னு வச்சேன்."

"சுண்டுவிரல் போற ஓட்டையில மூஞ்சூறு எப்புடி அத்தை வரும்?" என்றேன்.

"சின்ன மூஞ்சூறு."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "எப்ப பாத்தீங்க இத? எத்தன தடவ மண்ணு வச்சீங்க?"

"போன மழையில பாத்தேன். ஒரே தடவதான் வச்சேன், அந்த ஆபிசர்மாரு வாறதுக்கு மொத நாளு. அதுக்குப் பெறகு அது அப்புடியே கெடக்கு. சும்மா ஏன் புள்ள சத்தம் போடுற?"

ஒரே தடவை என்றால் வீடு ஒரு முறை மண்ணில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பல தடவை என்றால் பின்னால் இருக்கும் மலை எங்களை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது, அதற்குக் கீழே என் மகள் தலைவைத்துப் படுக்கிறாள். இரண்டில் எது என்று தெரிந்த ஒரே ஆள் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.

அத்தை ஏன் மறைத்தார் என்று என் கணவரைக் கேட்கத் தேவையில்லை. அவருடைய பிறப்பே அதில்தான் இருக்கிறது. அத்தை வயிற்றில் அவர் இருந்தபோது, அவர்கள் லயத்துச் சுவரில் ஒரு வெடிப்பு வந்தது. மாமா நல்ல மனுஷன், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் போய் அதைச் சொன்னார். தோட்டம் உடனே கவனித்தது. அந்த லயத்து ஆட்கள் எல்லோரையும் கிளப்பி, மலை அடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு அதில் விட்டது. கொஞ்ச நாளைக்குத்தான், டெம்பரரி என்று சொன்னார்கள். என் கணவர் அங்கேதான் பிறந்தார், அங்கேதான் நடக்கப் பழகினார், அங்கேதான் மீசை முளைத்தது. டெம்பரரி என்பது அந்த இடத்தின் பெயராகவே ஆகிவிட்டது. தபாலில்கூட டெம்பரரி லயம் என்று போட்டு வரும். "நீங்க டெம்பரரிப் பக்கமா?" என்று, என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் என் அப்பா விசாரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

இதில் ஒரு கொடுமை, வெடித்த அந்தப் பழைய லயம் விழவேயில்லை. ஆட்கள் போன பிறகு அதில் ஆடு கட்டினார்கள். தகரத்தின் மேல் மழை விழும் ஒவ்வொரு நாளும் அக்கம் பக்கத்தார் மாமாவைத்தான் திட்டினார்கள், இவன் வாயைத் திறந்ததால்தானே என்று. மாமா போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சு அவரை விடவில்லை. அதனால் அத்தையின் கணக்கில், வெடிப்பு வந்ததால் யாரும் கெட்டதில்லை. அதை வெளியே சொன்னதால்தான் கெட்டார்கள்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் மூன்று பேரும் வெடிப்புக்கு முன்னால் நின்றோம். பாஸ் டார்ச் அடித்துப் பார்த்தார். "டீச்சர், இது சும்மா மயிர் வெடிப்பு. கம்பி வலை ஒண்ணு வச்சுக் கபராரு பண்ணுனா சொவரு புதுப் பொண்ணு மாதிரி ஆயிரும்" என்றார்.

"பூசிட்டா அது வளந்தாத் தெரியாதே?" என்றேன்.

"தெரியாம இருக்கத்தானே பூசுறது?"

என் கணவருக்கு அந்தப் பதில் தேனாக இருந்தது. டெம்பரரியில் வளர்ந்தவருக்கு வேறு எப்படி இருக்கும்? "பாஸ் சொல்றாருல்ல. அவரு எத்தன சொவரு பாத்திருப்பாரு. நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார். எனக்கு வந்த கோபத்தில், கலவைச் சட்டியை எடுத்துப் போய், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கொட்டிவிட்டு வந்தேன். நல்ல சீமெந்து. பாஸ் வாயைப் பிளந்தார். "அந்த ஜன்னலச் சுத்தி ஒரு முழத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது. மழ வரட்டும். வளருதா இல்லையான்னு நான் பாக்கணும். பாத்த பெறகு பூசுங்க" என்றேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து நான் அப்படிப் பேசியதில்லை. கணவர் அத்தையைப் பார்த்தார். அத்தை கோழியைப் பார்த்தார்.

பின்சுவர் முழுவதையும் பூசி, அந்த ஜன்னலைச் சுற்றி மட்டும் வெறும் கல்லாக விட்டுவிட்டுப் பாஸ் போனார். பார்க்கிறவர்கள் எல்லாம் சீமெந்து முடிந்துபோனதா என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்றேன்.

வெடிப்பு வளர்வதை எப்படிப் பார்ப்பது? அடிக்கோல் வைத்து அளந்தால் கை நடுக்கத்தில் தினமும் ஒரு கணக்கு வந்தது. எனக்குத் தெரிந்தது காகிதமும் பசையும்தான். நேர்சரிப் பிள்ளைகள் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு செய்து மிஞ்சிய சிவப்பு டிசு பேப்பர் ஒரு கட்டு என் பையில் இருந்தது. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, ஜன்னல் ஓரத்தில் மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து, வெடிப்புக்குக் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு துண்டை ஒட்டினேன். டிசு பேப்பர் மூச்சு விட்டாலே கிழியும். சுவர் நூல் அளவு விலகினாலும் நடுவில் கிழிந்துவிடும். கிழியாத வரைக்கும் மகள் அந்தக் கட்டிலில் படுக்கலாம்.

தீபாவளி போனது, மழை வந்தது. வழக்கம்போலப் பின்னேரத்தில் தொடங்கி, பிறகு காலையிலும் பெய்து, பிறகு எப்போது நின்றது எப்போது தொடங்கியது என்று தெரியாமல் பெய்தது. பதுளைப் பக்கம் பாதை மறித்தது, ரயில் பாதியில் நின்றது, எல்லவில் ஆள் இல்லாமல் ஓட்டோ வீட்டு வாசலில் கிடந்தது. நான் காலையில் நேர்சரிக்குப் புறப்படும் முன் குடையோடு பின்பக்கம் போவேன். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேரே அங்கேதான். சிவப்புத் துண்டு முழுசாக இருக்கும், அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். நேர்சரியில் பிள்ளைகளோடு சேர்ந்து மழைப் பாட்டுக்குக் கை தட்டுவேன், தட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பேன். மழை கொஞ்சம் அடித்துப் பெய்தால், மகள் பள்ளியில்தான் இருக்கிறாள், அத்தை மட்டும் வீட்டில் இருக்கிறார் என்று மனதுக்குள் ஆட்களை எண்ணிக்கொள்வேன்.

நாட்கள் போகப் போகக் கேலி தொடங்கியது. "இன்னைக்கு அறிக்கை என்ன?" என்பார் கணவர். மகள், "அம்மா பேப்பர் படிக்கப் போறாங்க" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி குடைக்குள் தலையை நீட்டி, ஜன்னலுக்குச் செய்வினை எடுக்கத் துண்டு கட்டியிருக்கிறாயா என்று கேட்டாள். அத்தை மட்டும் கேலி செய்யவில்லை. நான் பின்பக்கம் போய் வருவதை அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "முழுசா இருக்கா புள்ள?" என்று கேட்பார். இருக்கிறது என்றதும் சோறு போடுவார். மனுஷிக்கும் என்னைப் போல உள்ளுக்குள் பயம்தான் என்று நினைத்து, அவர் மேல் எனக்கு முதல்முறையாக ஒரு பாசம்கூட வந்தது. அவர் பேச்சை நம்பாமல்தான் நான் அந்தக் காகிதத்தை ஒட்டினேன். இப்போது காகிதமே அவர் சொன்னது உண்மை என்று சாட்சி சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கார்த்திகைத் தீபம் கழித்து வெயில் வந்தது. மலை நீலமாகத் தெளிந்தது. இவ்வளவு மழைக்கும் கிழியாத துண்டை வைத்துக்கொண்டு நான் இனி என்ன வாதாட முடியும்? "சரி, பாஸைக் கூப்பிடுங்க" என்றேன். அதைச் சொன்னபோது உடம்பே லேசாக இருந்தது. மகள் இனி ஈரமில்லாத அறையில் படுப்பாள், நான் இனி மனுஷியைப் போலப் பல் துலக்குவேன்.

பாஸ் இந்தத் தடவை சொன்ன நாளே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்தோம். கலவை குழைத்து, ஜன்னல் ஓரத்துக்குப் பலகை வெட்டி, நூல் பிடித்துப் பார்த்தார். "டீச்சரோட வானிலை நிலையத்த மூடப் போறோம்" என்று கணவருக்குக் கண்ணடித்தார். எல்லோரும் சிரித்தோம். பாஸ் சுவரில் தண்ணீர் அடித்துவிட்டு, சிவப்புத் துண்டைச் சுரண்டக் கரண்டியை எடுத்தார்.

"தம்பி, கொஞ்சம் இரு" என்றார் அத்தை.

அவர் எப்போது அங்கே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "பூசிராத" என்றார்.

"ஏன் ஆயி? டீச்சரே சரின்னுட்டாங்க" என்றார் பாஸ்.

அத்தை பாஸைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அது ஒரு பேப்பரு இல்ல புள்ள" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பாஸுக்கும் விளங்கவில்லை. நான் போய் நனைந்திருந்த அந்தத் துண்டின் ஓரத்தை நகத்தால் தூக்கினேன். டிசு பேப்பர் விரலில் ஒட்டும், கரையும். இது கரையவில்லை, அட்டையைப் போலத் தடிப்பாக எழும்பி வந்தது. மேல் தாளை உரித்தேன். கீழே இன்னொரு சிவப்புத் தாள், நடுவில் கிழிந்து. அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் கிழிந்து. அடுத்தது, அடுத்தது. எல்லாம் நான் வீட்டில் மிச்சம் வைத்த அதே கட்டு, எல்லாம் கோதுமை மாவுப் பசை. அடியில் இருந்தது நான் ஒட்டியது. அதன் இரண்டு பாதியும் நடுவே என் கட்டைவிரல் வைக்கிற அளவுக்கு விலகிக் கிடந்தன.

"எத்தன தடவ அத்தை?" என்றேன்.

"கிழியக் கிழிய ஒட்டுனேன். நீ நேர்சரிக்குப் போன பெறகு பாப்பேன், கிழிஞ்சிருக்கும். நீ வாறதுக்குள்ள ஒட்டிருவேன்." அவர் அழவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பதில் சொல்வதைப் போல நேராக நின்று சொன்னார். "இன்னைக்கு நிக்கும், நாளைக்கு நிக்கும்னு பாத்தேன். நம்ம பழைய லயம் நிக்கலையா? மறுபடி தகரத்துக்கடியில போய்க் கெடக்க என்னால ஏலாது புள்ள. ஆனா இவரு பூசப் போறாருன்னதும் எனக்குத் தாங்கல. பூசிட்டா நானும் பாக்க முடியாதே."

என் கணவர் மண்ணில் குந்திவிட்டார். அந்தக் கிழிந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார், கேலி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாஸ் பாட்டை நிறுத்தினார். நான் அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்படி ஒரு நாளும் நான் அவரைத் தொட்டதில்லை. "எம் புள்ள படுக்குறா அத்தை அங்க! இத்தன மழைக்கும் எம் புள்ள அந்தச் சொவத்துக்குக் கீழ படுத்திருக்கா! உங்களுக்கு மனசு எப்புடி வந்துச்சு?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

அத்தை என் கையைத் தட்டிவிடவில்லை. "அவ சொவத்துப் பக்கம் படுக்கல" என்றார். "மொதத் துண்டு கிழிஞ்ச அன்னைக்கே அவள உள்பக்கம் மாத்திப் போட்டுட்டேன். சொவத்தோரமா நாந்தேன் படுக்குறேன்."

சுவர் விழுந்தால் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பார்த்தா விழும் என்று நான் சொல்லியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான், சுவருக்கும் என் மகளுக்கும் நடுவே தன் உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை நாள் படுத்திருந்திருக்கிறார். அந்த நிமிஷம் அவரை ஒரு அறை அறையலாமா என்றும் இருந்தது, காலில் விழலாமா என்றும் இருந்தது.

கணவர் எழுந்து, போனை எடுத்து கிராம சேவகருக்கு அடித்தார். வெடிப்பு வளர்கிறது என்று அவர் வாயாலேயே சொன்னார், இரண்டு தடவை சொன்னார். பிறகு ஓட்டோவை வாசலுக்குத் திருப்பப் போனார். பாஸ் குழைத்த கலவையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து துணி மூட்டைகளைத் தூக்கினார். நான் பின் அறைக்குப் போய், வாசலுக்கு எடுத்துப் போகக் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். தூக்க முடியவில்லை. அத்தை வந்து, சுவரோரமாக இருந்த மறு பக்கத்தைப் பிடித்தார்.